நிலத்தடி அலுவலகத்திலிருந்து ஒரு குரவை

1

எங்கள் அலுவலகம் மறுபடியும் இடம் மாறப் போகிறது. செய்தி வந்த நாளிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எல்லோரும் அட்டைப்பெட்டி தேடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிறார்கள். இவளுக்கு மட்டும் என்ன கொண்டாட்டம் என்று என்னைப் பார்க்கிறார்கள். போன தடவை இடம் மாறியபோது நடந்ததை இவர்களுக்குச் சொல்லலாம்தான். ஆனால் கல்முனை எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி, குரவை என்றால் என்ன என்பது வரைக்கும் விளக்கி முடிப்பதற்குள் தேநீர் இடைவேளை முடிந்துவிடும். ஆகவே தமிழ் தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடிக்காரி. இங்கிலாந்தின் நடுப்பக்கத்தில், கடலே கண்ணில் படாத ஒரு நகரத்தில் குடியிருக்கிறேன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கதைக்க வைப்பது என் வேலை. அவை கதைக்காவிட்டால் என்னிடம் வருவார்கள், கதைத்தால் என்னை மறந்துவிடுவார்கள். நல்ல வேலை.

போன தடவை இடம் மாறியது யுத்தம் முடிந்த வருடம். என் ஒரே தம்பி நசாருக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தன் வீட்டுப் படி இறங்கும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவதைத்தான் நாங்கள் குரவை என்கிறோம். எங்கள் குடும்பத்தில் முதல் குரவை மாப்பிள்ளையின் உம்மாவுடையது. அவர் தொடங்கினால்தான் மற்றப் பெண்கள் சேருவார்கள். எங்கள் உம்மாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. உம்மாவுக்குப் பிறகு அந்த முதல் குரவை மூத்த மகளான எனக்கு வந்து சேர்ந்தது. உலகத்தில் நான் செய்ய விரும்பிய ஒரே காரியம் அப்போது அதுதான்.

குரவை கூடாது என்று சொல்கிற புதுப் பிள்ளைகள் ஊரில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். தங்கள் சொந்தக் கல்யாணத்தில் அவர்கள் யாரும் காதைப் பொத்திக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

2

சரி, ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு என் வீட்டுக்காரர் ரிபாயைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் கரையோரத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. பெண் பிறந்தால் வாப்பாமார் சீமெந்து விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணம் முடித்த ஆண்மகன் தன் உடுப்புப் பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்குப் போய்ச் சேருவான். சாகும்வரைக்கும் அங்கே அவன் மாப்பிள்ளைதான். வெளியிடத்தார் இதைக் கேட்டு வாய் பிளப்பார்கள். எங்களுக்கு இதுதான் உலக வழக்கம், மற்றவர்கள்தான் விசித்திரமானவர்கள்.

விசா புதுப்பிக்கும் விண்ணப்பத்தில், இலங்கையில் உங்கள் நிரந்தர வீடு எது என்று ஒரு கேள்வி. ரிபாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மையை எழுதினார்: எனக்கு வீடு இல்லை, வீடு என் மனைவியுடையது, நான் அங்கே தங்கியிருந்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு இளம்பெண், மிகவும் மரியாதையானவள்.

"அப்படியானால் நீங்கள் அங்கே வாடகைக்கு இருந்தீர்களா?"

"இல்லை, சும்மா."

"மனைவி வெளியே போகச் சொன்னால்?"

"போகத்தான் வேண்டும்," என்றார் ரிபாய், சிரித்துக்கொண்டே.

இது பகிடி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. இவர்கள் உண்மையில் கணவன் மனைவிதானா என்ற சந்தேகம் வந்து, எங்கள் கடவுச்சீட்டுகள் மேலதிக விசாரணைக்குப் போய்விட்டன. ரிபாய் வீட்டுக்கு வந்து பெருமையோடு சொல்கிறார், "ஒரு பொய்யும் சொல்லல்ல புள்ள!" நான் தலையணையை எடுத்து எறிந்தேன். கடவுச்சீட்டு திரும்பி வருவதற்குள் தம்பியின் கல்யாண நாள் வந்துவிட்டது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்தேன். அழவும் செய்தேன். ஏனென்றால் அந்தக் கல்யாணம் சும்மா வந்த கல்யாணம் அல்ல. நசாருக்கும் ஹிதாயாவுக்கும் பேசி முடித்தது சுனாமிக்கு முன்னால். ஹிதாயாவுக்கென்று அவள் வாப்பா கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை மட்டத்துக்கு வந்திருந்தது. அலை வந்துபோன பிறகு அங்கே கிணறு மட்டும் மிஞ்சியது. கடலுக்குக் கிட்டக் கட்டக்கூடாது என்றார்கள், வேறு காணி தருவோம் என்றார்கள், வயலை நிரப்ப வேண்டும் என்றார்கள், பிறகு அந்த மண் இறுகட்டும் என்றார்கள். வீடில்லாத பெண் எப்படி மாப்பிள்ளை எடுப்பாள்? வேறு இடம் பார் என்று நசாருக்கு எத்தனை பேர் சொன்னார்கள். "வீடு முடியட்டும், நான் எங்கயும் போகமாட்டன்," என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்தான். அந்த வாயாடிப் பயலுக்குள் இவ்வளவு பொறுமை இருந்தது எனக்கே தெரியாது.

வீடு முடிந்தது. யுத்தமும் முடிந்தது. எங்கள் குடும்பத்தில் முன்பு நடந்த கல்யாணங்கள் எல்லாம் சோதனைச் சாவடிக்குப் பயந்து பட்டப்பகலில் அவசரம் அவசரமாக நடந்தவை. நசார்தான் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு, விளக்கு வெளிச்சத்தில், தெருவெல்லாம் பார்க்க மாப்பிள்ளையாகப் போகப்போகிறவன். அதற்கு நான் இல்லை.

3

உம்மாவின் தங்கையான சாச்சியின் மகன் சப்ரி கல்முனை பசாரில் போனும் இன்டர்நெட்டும் உள்ள கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறான். அக்காவை நாங்கள் ராத்தா என்போம், அந்த உரிமையில் அவன்தான் வழி சொன்னான்.

"ராத்தா, நான் கடைக் கம்ப்யூட்டரத் தூக்கிக்கொண்டு உங்கட ஊட்டுக்குப் போறன். ஸ்பீக்கர் பொக்ஸ் ரெண்டு பூட்டுறன். நீங்க அங்க இரிந்து குரவை போடுங்க, இஞ்ச தெரு முழுக்கக் கேக்கும்."

அந்த நிமிடமே என் கண்ணீர் வற்றிவிட்டது. குளியலறைக்குள் புகுந்து ஒத்திகை பார்த்தேன். கல்யாணம் ஆகி இங்கு வந்ததிலிருந்து குரவை போட்டதேயில்லை. முதல் முயற்சியில் பூனை மிதிபட்ட சத்தம்தான் வந்தது. இரண்டாவதில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். மூன்றாவதில் என் மகள் ஸனா கதவைத் தட்டி, ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஸனாவுக்கு அப்போது எட்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், இங்கிலீஷில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். மாமாவுக்குக் கல்யாணம், இனி மாமா ஹிதாயா மாமியின் வீட்டில்தான் இருப்பார் என்று விளக்கினேன். இங்கிலீஷில் திருப்பிக் கேட்டாள்.

"அப்போ மாமாவை அவங்க தத்தெடுக்கிறாங்களா?"

ரிபாய் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓம் மகள், என்னையும் அப்படித்தான் உம்மா எடுத்த." ஸனா அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். வகுப்பாசிரியை என்னைத் தனியாக அழைத்து, ஸனாவின் அப்பா தத்தெடுக்கப்பட்டவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள். ஊர் வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகத்தில் கவலை கூடிக்கொண்டே போனது. என் மகளுக்கே புரியாததை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும் அது கொஞ்சம் குத்தியது.

எல்லாம் ஆயத்தம். அப்போதுதான் எங்கள் மனேஜர் கொலின் வந்து, அலுவலக மாற்றம் இந்தச் சனிக்கிழமைக்கு முன்தள்ளப்பட்டுவிட்டது என்றார். பழைய கட்டடத்துக்காரர் அவசரப்படுத்துகிறாராம். ரௌட்டரை நான்தான் பொருத்திப் பூட்ட வேண்டும், என்னைத் தவிர வேறு ஆளில்லை.

பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வழக்கை அப்படியே இங்கிலீஷில் கொட்டிவிட்டேன். "என்னால் வர முடியாது கொலின். சனிக்கிழமை நாங்கள் என் தம்பியைக் கொடுக்கிறோம்."

கொலின் திடுக்கிட்டார். "யாருக்கு?"

விஷயம் விளங்கியதும் நல்ல மனிதர் கைகளைப் பிசைந்தார். லீவு தர வழியில்லை. ஆனால் புதிய இடத்தில் நெட்வேர்க் வேலை செய்யத் தொடங்கியதும் அங்கிருந்தே தாராளமாகக் கல்யாணத்தைப் பாருங்கள் என்றார். ஒரு ரௌட்டரைப் பூட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். ஊரில் இஷா நேரம் இங்கே மத்தியானம் சாய்கிற நேரம். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

4

புதிய அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கைத்தொலைபேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மேசைத் தொலைபேசிகளும் நெட்வேர்க்கில் ஓடுகிறவைதான், அதற்கும் என் ரௌட்டர் உயிர் கொடுத்தால்தான் உண்டு. ரௌட்டரைத் தட்டில் ஏற்றினேன், வயர்களைச் செருகினேன், பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்குகள் மின்னின. கொலின் கைதட்டினார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரை வயரில் செருகியதும் அது, எனக்கு ஒரு முகவரி தாருங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போடும். ரௌட்டர் ஒரு இலக்கத்தைக் கொடுத்து, வெளியுலகத்துக்குப் போகும் வாசல் இதுதான் என்றும் சொல்லிவிடும். அந்த இலக்கமும் வாசலும் சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் எவரோடும் கதைக்கலாம். பிழையான வாசலை நம்பினால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் மடிக்கணினியைச் செருகினேன். சுவர்தான்.

பக்கத்துக் கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்தது, ஆனால் கமராவும் மைக்கும் என் மடிக்கணினியில் மட்டும்தான் இருந்தன. அதற்கடுத்தது சுவர். அதற்கடுத்ததும் சுவர். நான் ஏதோ இலக்கத்தைப் பிழையாக அடித்துவிட்டேன் என்று நினைத்து ரௌட்டரில் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதினேன். இப்போது முன்பு வேலை செய்தது செய்யவில்லை, செய்யாத ஒன்று செய்கிறது. கொலின் என் தோளுக்குப் பின்னால் நின்று, ஆகிவிட்டதா, ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சும்மா இரிங்க மனுசன்!" என்று வாய்தவறித் தமிழில் கத்திவிட்டேன். மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்தது, போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் தாண்டிவிட்டது. தெருவுக்கு ஓடிவந்து சப்ரிக்குக் கோல் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நசாருக்கு எடுத்தேன், வாப்பாவுக்கு எடுத்தேன். கல்யாண வீட்டில் போன் சத்தம் யாருக்குக் கேட்கும்? மழையில் நனைந்தபடி கீழே இறங்கி ஓடினேன். உம்மாவின் இடத்தில் நிற்க வேண்டிய நேரத்தில், ஒரு பெட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன். நான் போடாவிட்டால் யாராவது மாமி போடுவார்தான். நசார் படி இறங்கிவிடுவான். ஆனால் அது இன்னொரு முறை வராது.

மூச்சு வாங்கிக்கொண்டு, மடிக்கணினிக்குக் கிடைத்த முகவரியை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். நான் கொடுக்கும் இலக்கங்களின் வரிசையிலேயே அது இல்லை. வாசல் என்று அது நம்பிக்கொண்டிருந்த இலக்கமும் என்னுடையதல்ல. அந்த இலக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். வீடுகளில் வைக்கும் சாதாரண ரௌட்டரின் பக்கம் திறந்து, கடவுச்சொல் கேட்டது.

அல்லாஹ்வே! அலுவலகத்துக்குள் இன்னொரு ரௌட்டர் இருக்கிறது. ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு பெண்வீட்டார் அழைப்பு வைத்ததுபோல, கம்ப்யூட்டர்கள் சத்தம் போடும்போதெல்லாம் இரண்டு பெட்டிகளும் முந்திக்கொண்டு முகவரி கொடுக்கின்றன. எது முந்துகிறதோ அதன் பின்னால் அவை போய்விடுகின்றன. மற்றப் பெட்டிக்கோ வெளியுலகத்துக்கு வழியே கிடையாது.

வயரில்லா இணைப்புகளின் பெயர்களைத் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு பெயர் ஜொலித்தது: டெப்ராவின் அரண்மனை.

டெப்ரா எங்கள் கணக்குப் பிரிவு. தன் பூச்சாடிகளைத் தானே அடுக்க வேண்டும் என்று அன்று காலையே வந்திருந்தாள். இப்போது எனக்கென்று ஒரு கோப்பை தேநீரோடு நின்றாள்.

"டெப்ரா, வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்தாயா?"

"ஓ, அதுவா!" அவள் முகம் மலர்ந்தது. "சுவரில் ஒரே ஒரு துளைதான் இருந்தது. எனக்கோ கம்ப்யூட்டர், பிரிண்டர், போன் மூன்று. என் பழைய பெட்டியின் பின்னால் நாலு துளை இருக்கிறதே! உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நானே செருகிக்கொண்டேன்."

மேசைக்குக் கீழே தவழ்ந்தேன். பூச்சாடிகளுக்குப் பின்னால் அது சின்ன விளக்குகளை மினுக்கிக்கொண்டு, ஊருக்கெல்லாம் முகவரி வழங்கிக்கொண்டு குந்தியிருந்தது. வயரைப் பிடுங்கினேன். எனக்கு வந்த சிரிப்பில் மேசையில் தலை இடித்தது. டெப்ராவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். திட்டுவேன் என்று பயந்து நின்றவள் குழம்பிப்போனாள்.

பெட்டியைப் பிடுங்கினாலும் அது கொடுத்த பழைய முகவரிகளைக் கம்ப்யூட்டர்கள் உடனே விடமாட்டா. ஒவ்வொன்றையும் அணைத்து மறுபடி போட வேண்டும். கொலினையும் டெப்ராவையும் ஆளுக்கொரு பக்கம் அனுப்பினேன். அதற்கு முன்னால் என் மடிக்கணினியைப் பழையதை விடச் சொல்லிப் புதியதைக் கேட்கச் சொன்னேன். சுயநலம்தான். முகவரி வந்தது. என் இலக்கம், என் வாசல்!

5

திரையில் முதலில் தெரிந்தது ஒரு பெரிய காது.

"வாப்பா, காத வைக்காதீங்க! முகத்தக் காட்டுங்க!"

"மகள்? வந்திட்டாய்!" காது மறைந்து, புது வெள்ளைத் தொப்பியோடு வாப்பாவின் முகம் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். சப்ரி பாய்ந்து வந்தான்.

"எங்க ராத்தா போன நீங்க? பொம்புள ஊட்டால ரெண்டு தரம் ஆள் வந்திட்டு. நிக்காஹ் செய்து வைக்கிற லெப்பை கோவத்துல இரிக்காரு. இவன் இறங்கமாட்டன் எண்டு அடம் புடிக்கான்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நசார் வந்தான். கோட்டும் தலைப்பாகையும், வேர்த்து வழியும் முகமும். கல்யாண மாப்பிள்ளை என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை.

"ராத்தா, எத்தின வருசம் நிண்டவன் நான். இன்னும் ஒரு மணித்தியாலம் நிக்க மாட்டனா? ராத்தா போடாம நான் இறங்க ஏலாது எண்டு சொல்லிட்டன். கெதியாப் போடுங்க, கால் நோகுது!"

"இறங்குடா," என்றேன்.

அவன் பிஸ்மி சொல்லிப் படியில் காலை வைத்தான். நான் வாயைத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. உம்மா ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள், நசார் மற்றக் காலைத் தூக்கியபடி நிற்கிறான். அவன் அந்தரத்தில் நிற்கும் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து குரவையும் வெளியே வந்துவிட்டது.

வந்தது என்றால், அப்படி வந்தது! நிலத்தடித் தளம் முழுக்க அதிர்ந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளில் என் குரல் ஊரில் முழங்கி, அது திரும்பவும் என் காதுக்கு வந்தது. அதற்கு மேல் மாமிமார், சாச்சிமார், தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நான் நிறுத்தவேயில்லை. கொலின் தீ எச்சரிக்கை மணி என்று நினைத்து, டெப்ராவையும் அவள் பூச்சாடி ஒன்றையும் இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடியிருக்கிறார். பாவம், மழைக்குள் நின்று என்னைக் காணோமே என்று தேடியிருக்கிறார்கள்.

மூச்சு முட்டி நிறுத்தியபோது திரையில் கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. விளக்குகள் தெருவில் இறங்கிவிட்டன. நசாரின் தலைப்பாகை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. போய்விட்டான். எங்கள் தம்பியை நாங்கள் கொடுத்துவிட்டோம். கடலும் யுத்தமும் அரசாங்கக் கச்சேரிக் காகிதங்களும் சேர்ந்து மறித்த கல்யாணம் தெருவில் நடந்து போகிறது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தேன், யார் பார்க்கிறார்கள்?

திரும்பிப் பார்த்தால் வாப்பா மட்டும் இன்னும் நிற்கிறார்.

"எப்படி வாப்பா என்ட குரவை?"

"பரவாயில்ல. உன்ட உம்மா போட்டா பக்கத்து ஊர் நற்பட்டிமுனையில கேக்கும். உனக்கு இன்னும் பழக்கம் காணா."

"நீங்க போகல்லியா? நிக்காஹ்வுல மாப்புளட வாப்பா நிக்க வேணாமா?"

"போகணும். ஊட்டப் பூட்டிட்டுத்தான் போகணும்." அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இல்லை. விசிறி சுழன்றுகொண்டிருந்தது, தரையில் பூவும் வெற்றிலையும் கிடந்தன. இந்த வீடு, நான் இங்கே வந்த பின்னால், சுனாமியில் பழைய வீடு போனதற்குப் பதிலாகக் கிடைத்தது. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, வாப்பாவின் பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க உம்மாவின் வீட்டில் மாப்பிள்ளையாக இருந்த மனிதருக்கு முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு வீடு. உம்மா இல்லை. வீட்டுக்குரிய மகள் கடல் கடந்து இருக்கிறேன். மகன் இப்போதுதான் படி இறங்கிப் போகிறான்.

வாப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"மகள், ஊட்டப் பூட்டணும். ஆனா நீ உள்ளுக்க இரிக்காய். ஆள் உள்ளுக்க இரிக்கக்குள்ள எப்படிப் பூட்டுற?"

கம்ப்யூட்டரை நிறுத்தும் பட்டனை எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். அதுதானே என் தொழில். சொல்லவில்லை.

"பூட்டுங்க வாப்பா. நான் ஊட்டப் பாத்துக்கொள்றன்."

"பயப்படமாட்டாயே?"

"இல்ல வாப்பா. கெதியாப் போங்க, லெப்பை ஏசப்போறாரு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, லைட்டை அணைக்காமல் போனார். கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்த வீட்டுக்குள் நான் இருந்தது அதுதான் முதல் தடவை.

கொலின் நனைந்த கோட்டோடு வந்து, எல்லாக் கம்ப்யூட்டரும் வேலை செய்கின்றன, இனி அலுவலகத்தைப் பூட்டலாமா என்று கேட்டார். ஊரில் கல்யாண வீட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வரட்டும், அதுவரைக்கும் இருக்கிறேன் என்றேன்.